மணலும் மடிக்கணினியும்

திருவண்ணாமலைக் கோயிலின் பேய்க் கோபுரத்துக்குப் பின்னால் மலைமேல் ஏறிச் செல்லும் வழியில் விரூபாக்ஷ குகை இருக்கிறது. 1902-ஆம் ஆண்டில் அந்தக் குகையில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் மௌனமாக உட்கார்ந்திருந்தார். மௌன விரதம் என்று அவர் சங்கல்பம் ஏதும் செய்துகொள்ளவில்லை. பேச வேண்டும் என்று தோன்றவில்லை, அதனால் பேசவில்லை, அவ்வளவுதான். தென்னார்க்காடு கலெக்டர் கச்சேரியில் ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர், காரிய நிமித்தமாகத் திருவண்ணாமலைக்கு வந்த இடத்தில், இந்த இளந்துறவியைப் பார்க்க மலை ஏறினார். கல்லூரியில் தத்துவம் படித்தவர். மனத்தில் அடக்கி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். இளைஞர் வாய் திறக்காமல், மணலில் விரலால் எழுதிப் பதில் சொன்னார். சிலேட்டிலும் துண்டுக் காகிதத்திலும் கூட எழுதினார். பிள்ளை அவற்றைத் தம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார். இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 1923-இல், அந்தக் குறிப்புகள் 'நான் யார்?' என்ற சிறு புத்தகமாக வெளிவந்தன. இளைஞர் யாரென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரமண மகரிஷிதான்.

தத்துவ விசாரணை செய்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. நம்முடைய கவனமெல்லாம் அந்த மணலின் மீது இருக்கிறது. ஒருவர் கேட்கிறார், மற்றொருவர் எழுதுகிறார், எழுதியதை இருவரும் ஒரே சமயத்தில் பார்க்கிறார்கள், வேண்டாதபோது உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். இன்றைக்கு இதே காரியத்தைச் செய்வதற்கு மடிக்கணினி, இணைய இணைப்பு, ஒரே ஏட்டில் பலர் கூடி எழுதும் வசதி என்று எத்தனையோ சாதனங்கள் வந்துவிட்டன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவற்றை மலிவாகக் கொடுப்பது எப்படி என்று உலகமெங்கும் சர்க்கார்கள் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. கோடிக் கணக்கில் பணமும் செலவாகிறது. மலிவான எழுதுகருவி, கூடிப் படிக்கும் வகுப்பு என்ற இந்த இரண்டு விஷயங்களிலும் தமிழ்நாடு ஒரு காலத்தில் உலகத்துக்கே உபாத்தியாயராக இருந்தது என்று சொன்னால், வீண் பெருமை பேசுவதாகச் சிலர் நினைக்கலாம். சரித்திரத்தைப் பார்த்துவிட்டு அவர்களே முடிவு செய்து கொள்ளட்டும்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை நம்மில் பலர் கதைகளில்தான் பார்த்திருக்கிறோம். உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் அதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். பையன் சேர்ந்த முதல் நாளில் அவனுக்கு எதிரே மணலைப் பரப்புவார்கள். வாத்தியார் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து 'அ' எழுதச் செய்வார். எழுதும்போதே உரக்கச் சொல்லவும் வேண்டும். கண், காது, வாய், விரல் நான்குக்கும் ஒரே நேரத்தில் வேலை. எழுத்து கைக்குப் படிந்த பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். பனையோலையை வீணாக்க முடியாது; ஒருமுறை கீறினால் கீறினதுதான். மணலோ எத்தனை தப்புகளையும் பொறுத்துக் கொள்ளும். செய்யாற்றிலும் தென்பெண்ணையிலும் அந்த நாளில் அது கொட்டிக் கிடந்தது. (இன்றைக்கு ஒரு லாரி ஆற்று மணலின் விலையைக் கேட்டால், அதைவிட மடிக்கணினியே மலிவு என்று தோன்றுகிறது. அது வேறு கதை.)

ஒரு வாத்தியார்தான் இருப்பார். ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அதே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஆள் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுப்பார்? அதற்காக ஏற்பட்டவன் சட்டாம்பிள்ளை. பெரிய பையன் சின்னப் பையன்களுக்கு எழுத்தைக் காட்டுவான்; முறை வைத்துச் சொல்லுவான்; எண்சுவடியை ஒப்புவிக்கச் செய்வான். சொல்லிக் கொடுக்கிற சிரமத்தில் அவனுக்கும் பாடம் ஊறிப் போகும். சட்டாம்பிள்ளைக்கு லஞ்சம் கொடுத்து அடியிலிருந்து தப்பித்த கதைகளும் நம் தாத்தாக்களிடம் ஏராளமாக உண்டு. கோதண்டத்தில் தொங்கவிட்ட கதைகளும் உண்டு. ஆகவே அதைப் பொற்காலம் என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை.

இந்தப் பள்ளிக்கூடங்கள் எத்தனை இருந்தன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் ஜில்லா கலெக்டர்களுக்கு உத்தரவு அனுப்பிக் கணக்கெடுத்தார். ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிக்கூடங்கள். படித்தவர்கள் 1,88,650 பேர். இந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால்தான் மனசு சங்கடப்படுகிறது. ஆண் பிள்ளைகள் 1,84,110; பெண் குழந்தைகள் 4,540. மணல் இனாம்தான். ஆனால் அந்த மணலுக்கு எதிரே யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதை ஊர் தீர்மானித்தது. தாழ்த்தி வைக்கப்பட்ட ஜாதிகளின் பிள்ளைகளுக்கு அநேகத் திண்ணைகளில் இடமே கிடையாது. கருவி மலிவாக இருந்துவிட்டால் கல்வி எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இன்றைக்கும் பலமாக இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

மன்றோ கணக்கெடுப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு வெள்ளைக்காரர் இந்த மணலைப் பார்த்து அசந்து போனார். அவர் பெயர் ஆண்ட்ரு பெல். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 1753-இல் பிறந்தவர். அமெரிக்காவில் வர்ஜீனியாவுக்குப் போய்ப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு பாதிரியாராகி 1787-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1789-இல் எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளிக்கூடம் ஏற்பட்டபோது அதற்குத் தலைவரானார். கம்பெனிச் சிப்பாய்களாக வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பிறந்து, தகப்பனை இழந்து நின்ற பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

பெல்லுக்குப் பிள்ளைகளால் தொந்தரவில்லை; உபாத்தியாயர்களால்தான் தொந்தரவு. மாதக் கணக்காகியும் சின்னப் பையன்களுக்கு எழுத்து வரவில்லை. ஒருநாள் காலையில் குதிரை மீது சவாரி போய்க் கொண்டிருந்தவர், ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தின் பக்கமாக வந்தார். மலபார் என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். அந்நாளில் சென்னை வெள்ளைக்காரர்கள் தமிழர்களையே அப்படித்தான் அழைத்தார்கள். அங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக் கொண்டிருந்தார்கள். பெல் குதிரையைத் திருப்பிக்கொண்டு நேரே எழும்பூருக்கு வந்தார். நம் பள்ளியிலும் இப்படியே செய்யுங்கள் என்று உபாத்தியாயர்களிடம் சொன்னார். அவர்கள் மசியவில்லை. சுதேசிப் பிள்ளைகள் தரையில் கிறுக்குவதைப் பார்த்துப் பாடம் நடத்துவதாவது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையன் இருந்தான். சாதாரணச் சிப்பாயின் மகன், சூட்டிகையானவன். அவனைக் கூப்பிட்டு, கடைசி வகுப்புப் பையன்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். பெரியவர்கள் முடியாது என்று கைவிட்டதை அந்தப் பொடியன் செய்து காட்டிவிட்டான். பிறகு மற்ற வகுப்புகளிலும் பையன்களே பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பெல் கொண்டு வந்தார். மணலும் சட்டாம்பிள்ளையும், இப்படியாக, எழும்பூர் வழியாக இங்கிலீஷ் கல்விக்குள் நுழைந்தார்கள்.

1796-இல் பெல் சீமைக்குத் திரும்பினார். அடுத்த வருஷமே லண்டனில் தம்முடைய சோதனையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அப்போது ஆலைகள் பெருகிக் கொண்டிருந்த காலம். ஏழைப் பிள்ளைகள் லட்சக் கணக்கில் நகரங்களில் குவிந்திருந்தார்கள். அவர்களுக்கு உபாத்தியாயர் வைக்கப் பணம் செலவழிக்க ஒருவருக்கும் மனமில்லை. ஜோசப் லங்காஸ்டர் என்ற இன்னொருவர் 1798-இல் லண்டனில் இதே மாதிரியான பள்ளிக்கூடம் தொடங்கி, ஒரே உபாத்தியாயர் நூற்றுக் கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம் என்று காட்டினார். முதலில் செய்தவர் யார் என்று பெல்லின் கட்சிக்கும் லங்காஸ்டரின் கட்சிக்கும் பெரிய சண்டை மூண்டது. மாதா கோயில் பெல்லின் பக்கம் நின்றது. 1811-இல் அதற்காகவே தேசிய சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பள்ளிக்கூடங்களைத் திறந்துகொண்டே போனார்கள். இவ்வளவு சண்டைக்கும் நடுவில், இது எங்கள் ஊர்ச் சங்கதி என்று சொல்ல ஒரு திண்ணை வாத்தியார் அங்கே இல்லை. 1832-இல் பெல் காலமானபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச் சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளிக்கூடம் எழுந்தது. குளிர் நடுக்கும் அந்த வடகடல் ஊரில் இன்றும் பிள்ளைகள் மெட்ராஸ் என்ற பெயர் எழுதிய பள்ளியில் படிக்கிறார்கள். நாம்தான் 1996-இல் அந்தப் பெயரை மாற்றிவிட்டோம்!

மெட்ராஸ் முறை சீமைக்குப் போனதும் என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, முப்பது பிள்ளைகள் என்று இருந்தது. அங்கே நூற்றுக் கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் வரிசை வரிசையாக நிறுத்தி, மணியடித்து, ஆலை நடத்துவது போல் நடத்தினார்கள். சொல்லிக் கொடுக்கும் பையன் தான் மனப்பாடம் பண்ணியதை அடுத்தவனுக்கு ஊட்டினான். இவனுக்கும் அர்த்தம் தெரியாது, அவனுக்கும் தெரியாது. உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடுக்காமல் தப்பிக்கும் வழியாக அந்த முறை மாறியது. சில பத்தாண்டுகளில் அங்கேயே அது மங்கிவிட்டது. அதற்குள் இங்கே புது மாதிரிப் பள்ளிக்கூடங்கள் வந்து, மணலுக்குப் பதிலாகச் சிலேட்டு வந்தது. மார்க்காபுரத்துக் கல்லில் மரச்சட்டம் போட்ட சிலேட்டு நம்மில் எத்தனை தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கிறது! எச்சில் தொட்டு அழித்த பாவத்துக்குச் சரஸ்வதி நம்மை மன்னித்திருப்பாள் என்று நம்புவோம்.

சிலேட்டிலிருந்து ஒரே தாண்டலாகக் கம்ப்யூட்டருக்கு வருவோம். நடுவில் ரேடியோ, டெலிவிஷன் என்று பல விஷயங்கள் வந்து போயின. அவற்றை விட்டுவிடலாம்.

2005-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். வட ஆப்பிரிக்காவில் ட்யூனிஸ் நகரம். அங்கே கூடிய உலக மகாநாட்டில், அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே பச்சை நிறத்தில் விளையாட்டுச் சாமான் போன்ற ஒரு மடிக்கணினியைக் காட்டினார். விலை நூறு டாலர். உலகத்தின் ஏழைக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. மின்சாரம் இல்லாத கிராமங்களில் கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் என்றார். ஐக்கிய நாடுகள் சபையின் காரியதரிசி கோஃபி அன்னான் ஆசையோடு கைப்பிடியைச் சுற்றினார். அது கையோடு வந்துவிட்டது. நம் ஊர்ப் பாட்டிமார்கள் அபசகுனம் என்று சொல்லியிருப்பார்கள். கைப்பிடி பிறகு காணாமலே போயிற்று. விலையும் நூறு டாலருக்கு இறங்கவேயில்லை. ஏறக்குறைய இரு மடங்கில் போய் நின்றது.

ஆனாலும் அந்த இயந்திரத்தில் ஒரு நல்ல யோசனை இருந்தது. இணையம் இல்லாவிட்டாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று தாமாகவே பேசிக்கொள்ளும். திரையில் 'அக்கம்பக்கம்' என்று ஒரு படம் தெரியும். அதில் மற்றக் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஒரு பெண் கதை எழுதத் தொடங்கினால், தோழி வேறொரு மூலையிலிருந்தபடியே அதே கதையில் அடுத்த வரியை எழுதலாம். பொதுவான மணற்பரப்பை மறுபடி கண்டுபிடித்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்திய சர்க்காரின் மனிதவள அமைச்சகம் 2006-இல் இந்தத் திட்டம் நமக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டது. இயந்திரத்தைவிட வகுப்பறையும் ஆசிரியரும் அவசரத் தேவை என்பது அவர்கள் கட்சி. தென் அமெரிக்காவில் பெரு தேசம் லட்சக் கணக்கில் வாங்கிக் கொடுத்தது. 2012-இல் அங்கே நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று: கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயரவில்லை. கணினி வந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் போதவில்லை.

இதே காலத்தில் நம் நாட்டிலும் மலிவுக் கணினிக்கு முயற்சிகள் நடந்தன. பெங்களூர் விஞ்ஞானிகள் 'சிம்ப்யூட்டர்' என்று கையடக்கமாக ஒன்று செய்தார்கள். ஒரே கருவியை ஊர்க்காரர்கள் பலர் ஆளுக்கொரு அட்டையைச் செருகிப் பயன்படுத்தலாம் என்பது அதன் அழகு. பத்திரிகைகள் புகழ்ந்தன, விற்பனைதான் ஆகவில்லை. 2011 அக்டோபர் 5-ஆம் தேதி மத்திய மந்திரி கபில் சிபல் டில்லியில் 'ஆகாஷ்' என்ற பலகைக் கணினியை வெளியிட்டார். அதன் திரை விரல் தொட்டால் லேசில் அசையாது. பேட்டரி வகுப்பு முடிவதற்குள் களைத்துவிடும். அடுத்த வருஷம் திருத்திய பதிப்பு வந்தது. அதற்குள் ஜனங்கள் கைப்போனுக்குப் போய்விட்டார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த சோதனை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுகதா மித்ரா என்ற விஞ்ஞானி 1999-இல் டில்லி கல்காஜியில் சுவரில் துவாரம் போட்டு ஒரு கம்ப்யூட்டரைப் பதித்து வைத்தவர். சேரிப் பிள்ளைகள் யாரும் கற்றுக் கொடுக்காமலே அதை இயக்கக் கற்றார்கள் என்று உலகமெல்லாம் பேசப்பட்டது. அதே சோதனையை இன்னும் கடுமையாக்கிப் பார்க்க, நம் பக்கத்துக் காளிக்குப்பம் என்ற கிராமத்துக்கு வந்தார். தமிழ் மட்டுமே தெரிந்த, பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குத் திறந்த வெளியில் ஒரு கணினி. அதற்குள் உயிரணுவின் ரகசியங்களைப் பற்றிய இங்கிலீஷ் பாடங்கள். சொல்லிக் கொடுக்க ஒருவரும் இல்லை. சில மாதங்கள் கழித்துப் பரீட்சை வைத்தபோது பிள்ளைகள் பூஜ்யத்திலிருந்து நூற்றுக்கு முப்பது என்ற அளவுக்கு வந்திருந்தார்கள். ஆச்சரியந்தான், ஆனால் முப்பது மார்க்கை நம் வீடுகளில் 'பெயில்' என்றுதான் சொல்வார்கள். பிறகு மித்ரா ஒரு இளம்பெண்ணைப் பக்கத்தில் நிற்கச் செய்தார். அவளுக்கு உயிரியல் தெரியாது. 'அட, இதை எப்படிச் செய்தாய்? இன்னொரு தரம் காட்டு, பார்க்கலாம்' என்கிற மாதிரி உற்சாகப்படுத்துவதே அவள் வேலை. டில்லியில் பணம் கட்டிப் படித்த பிள்ளைகளின் அளவுக்கு மார்க் ஏறிவிட்டது.

இந்தச் சோதனையைச் சொல்லி, உபாத்தியாயரே வேண்டியதில்லை என்று வாதித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் நேர் எதிரான அர்த்தமே தெரிகிறது. முப்பதை உயர்த்துவதற்குப் பக்கத்தில் ஒரு மனுஷி வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டு சர்க்காரின் பெரும் முயற்சி 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. அண்ணாவின் பிறந்த நாள். திருவள்ளூருக்கு அருகே காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா, அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படிக்கிறவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இலவச மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே நாளில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, ஆடு, மாடு ஆகிய எல்லாவற்றுக்கும் திட்டம் தொடங்கியது. கேலி செய்தவர்கள் மாவு அரைக்கும் யந்திரத்தையும் கணக்குப் போடும் யந்திரத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், தாயாருக்கு ஆட்டுக்கல்லிலிருந்து விடுதலை கிடைத்த வீட்டில்தான் மகள் மாலையில் புத்தகத்தைத் திறக்க நேரம் கிடைக்கும். எட்டு ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கைமாறின. உலகத்தில் வேறெந்த மாகாண சர்க்காராவது இந்த அளவில் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

திருவண்ணாமலை ஜில்லாவை எடுத்துக் கொள்ளுங்கள். 1989-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த ஜில்லா. வேர்க்கடலை, நெல், ஆரணிப் பட்டுத்தறி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் லட்சக் கணக்கான ஜனங்களின் வியாபாரம் ஆகியவற்றில் பலருக்குப் பிழைப்பு. வெயில் காலத்தில் குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. போளூரில், செங்கத்தில், வந்தவாசியில் ஒரு கூலிக்காரர் வீட்டுப் பெண், பையின் மேல் முதலமைச்சரின் படம் போட்ட மடிக்கணினியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள் என்றால், அந்தத் தெருவுக்கே அது முதல் கம்ப்யூட்டராக இருந்திருக்கும். ஜவ்வாது மலைத் தொடரில் காவலூரில் நட்சத்திரங்களைப் பார்க்கும் பெரிய தூரதர்சினி 1986-இலிருந்து இருக்கிறது. அங்கே விஞ்ஞானிகள் அந்த நாளிலேயே கணினி வைத்துக்கொண்டு கோடானுகோடி மைல் தூரத்தை அளந்தார்கள். அதே மலைத் தொடரின் பழங்குடிப் பிள்ளைகள் கணினியைக் கையால் தொடுவதற்கு இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

எல்லாம் சரி; வகுப்பறைக்கு அதனால் என்ன வந்தது? இங்கேதான் தடுக்கி விழுந்தோம். மடிக்கணினி பிளஸ் டூவில் கிடைத்தது. அது பொதுப் பரீட்சை வருஷம். அந்த வருஷத்தில் எந்த உபாத்தியாயர் கணினியைத் திறந்து வைத்துப் பாடம் நடத்துவார்? சில வருஷங்களில் பரீட்சை முடிந்து பள்ளியை விட்டுப் போன பிறகுகூட வரவில்லை; 2019-இல் பழைய மாணவர்கள் பல ஊர்களில் மடிக்கணினி கேட்டு மறியல் செய்தார்கள். ஆக, பன்னிரண்டு வருஷம் கணினியில்லாமல் பாடம் நடத்திவிட்டு, வாசலைத் தாண்டும்போது சீர்வரிசை மாதிரிக் கையில் கொடுத்து அனுப்பினோம். கல்யாணப் பெண்ணுக்குப் பாத்திரம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அவள் சமையல் கற்றுக்கொள்ளும்போது அடுப்படியில் அந்தப் பாத்திரம் இல்லை.

வீட்டுக்குள் போன பிறகு அதன் சரித்திரம் வேறு. விற்றவர்கள் உண்டு, அடகு வைத்தவர்கள் உண்டு, சினிமா பார்த்தவர்கள் நிச்சயமாக உண்டு. அதே சமயம், அக்காள் கல்லூரிக்குப் போனதும் தம்பி அதை எடுத்துத் தட்டுவான். தம்பியைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் உட்காருவார்கள். 'அதை அமுக்குடா, இதை அமுக்குடா' என்று ஆளுக்கொரு யோசனை. நாம் ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுக் கொடுத்தோம். அவர்கள் நாலு பேருக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டு சட்டாம்பிள்ளை முறையில் படித்தார்கள்.

மலிவான கணினி இருந்து அதில் தமிழ் எழுத வராவிட்டால் என்ன பிரயோஜனம்? யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தட்டச்சு யந்திரத்துக்குத் தமிழ் எழுத்துகளை அமைப்பதற்குப் பட்ட பாடு தனிப் புராணம். கணினிக்கும் அதே பாடு வந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மகாநாட்டுக்குப் பிறகுதான் சர்க்கார் 'தமிழ் 99' என்ற விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் எழுத்துகள் வலது கைக்கு. உயிரும் மெய்யும் சேர்ந்து எழுத்தாகும் இலக்கணம் இரண்டு கைகளின் வேலையாகிவிட்டது. தொல்காப்பியர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கூடி எழுதும் பழக்கமும் அதையொட்டி வளர்ந்தது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதை முன்நின்று வளர்த்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். ஒருவர் நாலு வரி எழுதுவார்; முன்பின் பார்த்திராத இன்னொருவர் பிழை திருத்துவார்; மூன்றாமவர் அது சரியில்லை என்று சண்டைக்கு வருவார். அப்படியே ஒரு கலைக்களஞ்சியம் வளர்ந்தது. 2010-இல் கோவை செம்மொழி மகாநாட்டையொட்டி சர்க்காரே கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தியது. 2017-இல் பள்ளி ஆசிரியர்களுக்கு அதில் எழுதப் பயிற்சியும் கொடுத்தார்கள். வாத்தியார் சொல்வதை எழுதிக்கொள்வது ஒன்று. வாத்தியாரும் மாணவனும் ஒரே பக்கத்தைத் திருத்துவது வேறொன்று. இரண்டாவது இன்னும் நம் வகுப்பறைக்குக் கூச்சமாகவே இருக்கிறது. 'நீங்கள் எழுதியது தப்பு, சார்' என்று பையன் சொன்னால் அதைத் திருத்தமாக எடுத்துக் கொள்கிறவர் எத்தனை பேர்?

பிறகு 2020 மார்ச் மாதம் வந்தது. கொள்ளை நோய்க்குப் பயந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். முந்தைய வருஷம் ஆரம்பித்திருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது கை கொடுத்தது. பட்டணத்துப் பிள்ளைகள் கைப்போன் திரையில் உபாத்தியாயரைப் பார்த்தார்கள். கிராமத்தில் போன் இல்லை. இருந்தால் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். வீட்டில் விட்டுப் போனால் சிக்னல் இல்லை. அந்த ஜூலை மாதத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. பிளஸ் டூ மாணவர்கள் தங்கள் இலவச மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பூட்டிய பள்ளிக்கு வந்தார்கள். பாடங்களைப் படம் பிடித்து வைத்திருந்ததை அங்கே கணினியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். திட்டம் தொடங்கி ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வகுப்பறை மூடிய பின்புதான் மடிக்கணினி வகுப்புக்குப் பயன்பட்டது.

2021 நவம்பர் 1-ஆம் தேதி சின்ன வகுப்புகள் திறந்தன. இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த குழந்தைகள், முதல் வகுப்பைக் கண்ணால் பார்க்காதவர்கள். அதற்கு ஐந்து நாள் முன்பு, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஜில்லாவான விழுப்புரத்தில், மரக்காணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தெருவில் படித்த ஒருவர் மாலை வேளையில் ஒன்றரை மணி நேரம் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வந்தவர்களில் அநேகர் பெண்கள். பிளஸ் டூ முடித்தவர்கள், கல்யாணமாகிக் குழந்தையோடு இருந்தவர்கள், பி.எட். படித்துவிட்டு வேலை கிடைக்காதவர்கள். இந்தத் திட்டம் திண்ணைகளையும் கோயில் மண்டபங்களையும் அரச மரத்தடிகளையும் தேடிப் போயிற்று. வருகைப் பதிவு கைப்போனில். பாடம் வாயால், கையால். 1822-இன் 4,540 பெண் குழந்தைகளின் கொள்ளுப் பேத்திகளுக்குப் பேத்திகள் இப்போது சட்டாம்பிள்ளைகளாக வந்து உட்கார்ந்தார்கள். சர்க்கார் அவர்களுக்கு நிர்ணயித்த மாதப்படி ஆயிரம் ரூபாய்.

2025 மார்ச் மாதத்து வரவு செலவுத் திட்டத்தில் மறுபடி மடிக்கணினி வந்தது. இந்தத் தடவை இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு, இரண்டு வருஷத்தில். பள்ளிப் பிள்ளைகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.